விமானத்தின் வயது

மாட்டு வண்டி பழையதாகிவிட்டால் அதனை ஓட்டுபவனுக்கு ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆரக்கால் ஆடும், அச்சு முனகும், இறக்கத்தில் இறங்கும்பொழுது வண்டி முழுவதும் கடகடக்கும். வண்டி தன் மூப்பைத் தானே கூறிவிடுகிறது. ஆகாய விமானத்திற்கு அந்த நேர்மை இல்லை. புதிய வர்ணம் பூசி, ஆசனங்களுக்குப் புதிய உறை தைத்துவிட்டால், இருபது ஆண்டு உழைத்த விமானமும் நேற்றுப் பட்டறையிலிருந்து வந்ததுபோலக் காட்சி தரும். எந்த விமானத்தை எப்பொழுது கழிப்பது, அதன் இடத்தில் எதனை வாங்குவது என்ற கேள்வியைப் பற்றி விமானிகளும் பொறியியலாரும் கம்பெனிகளின் கணக்கர்களும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதாடி வருகிறார்கள். அந்த வாதத்தின் வரலாற்றிலிருந்து சில பகுதிகளை இன்று கூற விரும்புகிறேன்.

முதலில் மரத்தின் கதை. 1931ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள், அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்தின் புல்வெளியொன்றில் ஃபாக்கர் எஃப்-10 வகை விமானம் ஒன்று வீழ்ந்தது. அதிலிருந்த எட்டுப் பேரும் மாண்டனர். அவர்களுள் ஒருவர் நூட் ராக்னி என்ற கால்பந்துப் பயிற்சியாளர். அந்நாட்டில் சிறுவர் முதல் முதியவர் வரை அறிந்த பெயர். அதனால் ஊரெங்கும் பேச்சு எழுந்தது. விமானத்தின் சிறகு மரத்தால் ஆனது. மரப்பலகைகளை ஒட்டியிருந்த பசை ஈரத்தினால் வலுவிழந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் போக்கு. அந்த வகை விமானங்களின் சிறகுகளை அடிக்கடி உள்ளே திறந்து சோதிக்க வேண்டும் என்று அரசாங்கம் கட்டளையிட்டது. அதற்கு ஆகும் செலவோ கம்பெனிகளை மலைக்க வைத்தது. வெளியே பளபளக்கும் சிறகினுள்ளே என்ன நிகழ்கிறது என்ற ஐயம் முதன்முறையாகப் பொதுமக்களின் உள்ளத்தில் புகுந்தது அப்பொழுதுதான் எனலாம்.

விபத்துக்குள்ளான விமானம் டிரான்ஸ்கான்டினென்டல் அண்டு வெஸ்டர்ன் ஏர் என்ற கம்பெனிக்கு உரியது. மரச்சிறகு விமானங்களைக் கழித்தாக வேண்டிய நெருக்கடி அக்கம்பெனிக்கு உண்டாயிற்று. அப்பொழுது போயிங் தொழிற்சாலை 247 என்ற உலோக விமானத்தை உருவாக்கி வந்தது; ஆனால் முதல் அறுபது விமானங்கள் யுனைடெட் என்ற போட்டிக் கம்பெனிக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. வரிசையில் காத்திருக்க மனமில்லாத ஜாக் ஃப்ரை என்ற அதிகாரி, 1932 ஆகஸ்டில் பிற தொழிற்சாலைகளுக்குச் சிறிய கடிதம் ஒன்று விடுத்தார். மூன்று எஞ்சின் கொண்ட உலோக விமானம் வேண்டும், செய்து தர இயலுமா என்பதே கேள்வி. டொனால்ட் டக்ளஸ் என்பவர் இரண்டு எஞ்சினே போதும் என்று விடை கூறினார்.

இங்கே விமானி ஒருவர் குறுக்கிட்டார். 1927இல் அட்லாண்டிக் மாகடலைத் தனியராகக் கடந்த சார்லஸ் லிண்ட்பர்க் அக்கம்பெனியின் தொழில்நுட்ப ஆலோசகராக இருந்தார். கம்பெனியின் தடத்தில் உள்ள எந்த விமான நிலையத்திலிருந்து புறப்பட்டாலும், ஓர் எஞ்சின் நின்றுபோயினும் மற்றொன்றைக் கொண்டு மேலே எழ வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நிபந்தனை. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள வின்ஸ்லோ என்ற ஊரிலிருந்து சோதனை விமானம் ஒற்றை எஞ்சினுடன் ஆல்புகெர்க்கி வரை பறந்து அந்த நிபந்தனையை நிறைவேற்றிக் காட்டியது. கணக்கர் ஒருவர் எழுதியிருந்தால் இத்தகைய நிபந்தனை வந்திராது என்பது என் எண்ணம். விமானத்தில் முன்னால் அமர்ந்திருப்பவருக்குத் தோன்றும் அச்சம் அலுவலக மேசையில் அமர்ந்திருப்பவருக்குத் தோன்றுவதில்லை.

அந்த டிசி-1 விமானத்தின் பேரப்பிள்ளைதான் டிசி-3. 1935 டிசம்பர் 17ஆம் நாள், ரைட் சகோதரர்கள் முதன்முதலாகப் பறந்த நாளின் முப்பத்திரண்டாம் நிறைவன்று, அது ஆகாயத்தில் எழுந்தது. இருபத்தொரு பிரயாணிகளை ஏற்றிச் செல்லும். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதனைப் படைக்கென ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். ஆங்கிலேயர் அதற்கு டக்கோட்டா என்று பெயரிட்டனர். நம் நாட்டிலும் அப்பெயரே நிலைத்தது. போர் முடிந்தபின் மிஞ்சிய டக்கோட்டாக்கள் மலிவாக விற்கப்பட்டன. இந்தியாவில் பல தனியார் கம்பெனிகள் முளைத்தமைக்கு அந்த மலிவு ஒரு பெருங்காரணம். 1949இல் தொடங்கிய இரவுத் தபால் போக்குவரத்தை நடத்தியனவும் டக்கோட்டாக்களே. சென்னை, பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்டு, நாகபுரியில் நள்ளிரவில் கூடித் தபால் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் அவை திரும்பும். 1953இல் அக்கம்பெனிகளை ஒன்றுசேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டபொழுது அதன் கைக்கு வந்த 99 விமானங்களில் 74 டக்கோட்டாக்கள்.

இனி இதற்கு மாற்று எது? உலகம் முழுவதும் எழுந்த கேள்வி இது. அமெரிக்காவில் மார்ட்டின் 2-0-2 என்ற விமானம் மிகுந்த நம்பிக்கையோடு வெளிவந்தது. 1947இல் பணியில் இறங்கியது. 1948 ஆகஸ்டு 29ஆம் நாள், மின்னசோட்டா மாநிலத்தில் வினோனா என்ற ஊரின் அருகே, இடிமேகத்தினூடே சென்ற அவ்விமானங்களுள் ஒன்றின் சிறகு முறிந்தது. முப்பத்தேழு பேர் மடிந்தனர். சிறகின் பிணைப்பில் களைப்பினால் உண்டான வெடிப்பு இருந்ததாக விசாரணை கூறியது. வந்து ஓராண்டே ஆன புதிய விமானம் களைத்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு மூத்த டக்கோட்டாவோ பறந்துகொண்டிருந்தது. டக்கோட்டாவுக்கு மாற்று இன்னொரு டக்கோட்டாவே என்று விமானிகளிடையே ஒரு வாசகம் வழங்குவதற்கு இவ்வாறான அனுபவங்களே காரணம்.

உலோகத்தின் களைப்பு என்றேனே, அதனை வகுப்பில் விளக்கும்பொழுது நான் மாணவர் கையில் ஒரு மெல்லிய கம்பியைக் கொடுப்பது வழக்கம். இழுத்துப் பார், அறாது. இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்துப் பார், சட்டென்று இரண்டாகிவிடும். கடைசி வளைவில் அவன் அதிக வலிமை எதையும் செலுத்துவதில்லை. முந்தைய வளைவுகளின் எண்ணிக்கைதான் கம்பியை முறிக்கிறது. பையன்கள் எண்ணிக்கையில் போட்டியிடுவார்கள்; ஒருவன் கம்பி பத்தில் முறியும், மற்றொருவனுடையது பதினைந்து வரை தாங்கும். ஒரே சுருளிலிருந்து வெட்டிய கம்பிதான். விமானப் பொறியியலாரின் தொல்லை முழுவதும் அந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

டக்கோட்டா ஏன் எளிதில் களைக்கவில்லை? அதன் சிறகில் பல உட்சுவர்கள் உண்டு. ஒன்று தளர்ந்தாலும் மற்றவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மற்றொரு காரணம், அது தாழப் பறப்பது. அதனுள் காற்றை அடைப்பதில்லை. மிக உயரத்தில் பறக்கும் விமானங்களில் பிரயாணிகள் மூச்சுவிட வேண்டுமே என்று உள்ளே காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் விமானத்தின் உடல் பந்துபோலச் சிறிது உப்பி, இறங்கியபின் சுருங்குகிறது. கம்பியை ஒருமுறை வளைத்து நிமிர்த்தியதற்கு இது சமம்.

இந்த உண்மையை உலகத்திற்குக் கற்பித்தது காமெட். 1952 மே 2ஆம் நாள் இலண்டனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க்கிற்குப் பிரயாணிகளுடன் புறப்பட்ட முதல் ஜெட் விமானம் அது. பழைய விமானங்கள் யாவும் ஒரே நாளில் கிழடாகிவிட்டனபோல் தோன்றிய காலம். 1954 ஜனவரியில் ஒரு காமெட் எல்பா தீவின் அருகே கடலில் சிதறியது. ஏப்ரலில் மற்றொன்று நேப்பிள்ஸுக்குத் தெற்கே. முதலதில் 35 பேர், இரண்டாவதில் 21 பேர். ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு முழுக் காமெட் விமானத்தை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே நீரை அழுத்தி ஏற்றி இறக்கி, பயணங்களை நடித்துக் காட்டினார்கள். முன்பு பறந்தவற்றையும் சேர்த்து 3,057ஆவது முறையில் உடல் பிளந்தது. எல்பாவில் அழிந்ததோ 1,290 பயணங்களே செய்திருந்தது. நேப்பிள்ஸில் அழிந்தது 900. மூன்றும் ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்டவை. மாணவர்களின் கம்பிகளை நினைவுகூருங்கள்.

நம் நாட்டில் மாற்றம் படிப்படியாகவே நடந்தது. 1957இல் வைக்கௌண்ட், 1961இல் ஃபாக்கர் ஃபிரெண்ட்ஷிப், 1964இல் காரவெல் ஜெட் விமானம் என்று வந்தன. டக்கோட்டாவின் இடத்தை நிரப்ப வேண்டும் என்ற நோக்கத்துடனேயே வரையப்பட்ட ஆவ்ரோ 748 கான்பூரில் கட்டப்பட்டது. பெருநகரங்களுக்குப் புதியது சென்றது. பழைய டக்கோட்டா சிறு ஊர்களுக்கு ஒதுங்கியது.

விமானிகளுக்கு இதில் உயிரைத் தவிர வேறு அக்கறையும் உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று விமானியாக இருக்கிறார். ஓய்வறையில் இரண்டு விமானிகள் கூடினால், அடுத்து வரப்போவது எந்தத் தொழிற்சாலையின் விமானம் என்ற ஆரூடமே பேச்சு என்று அவர் கூறுவார். காரணம் எளிது. ஒரு வகை விமானத்தை ஓட்ட உரிமை பெற்றவர் மற்றொரு வகையை ஓட்டத் தனியே பயின்று தேர்வு பெற வேண்டும். முதலில் அனுப்பப்படுபவர் யார் என்பதைப் பெரும்பாலும் பணிமூப்பு தீர்மானிக்கிறது. சிலருக்குப் புதிய விமானம் வேலையையே பறித்துவிட்டது. இந்திய டக்கோட்டாவில் விமானிகள் இருவருடன் வானொலி இயக்குநர் ஒருவரும் அமர்ந்திருந்தார். அந்த ஆசனம் மறைந்தது. அமெரிக்காவில் போயிங் 737 வந்தபொழுது, அதனை இருவர் ஓட்டலாமா, மூவர் வேண்டுமா என்பது நீண்ட வழக்காயிற்று. இருவர் போதும் என்று ஜனாதிபதி நியமித்த குழு தெரிவித்தது 1981இல்தான். புதிய விமானத்தைப் பற்றி விமானி தயங்கிப் பேசினால் அதனைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடுதல் முறையன்று.

அதே போயிங் 737 வகையைச் சேர்ந்த விமானம் ஒன்றுதான் ‘வயது’ என்ற சொல்லுக்குப் பொருளை மாற்றியது. அலோஹா என்பது ஹவாய்த் தீவுகளிடையே விமானம் விட்ட கம்பெனி. 1988 ஏப்ரல் 28ஆம் நாள், ஹீலோவிலிருந்து ஹோனலூலுவுக்கு 95 பேருடன் சென்ற அதன் விமானத்தின் கூரை, 24,000 அடி உயரத்தில், முன்பகுதியில் ஏறத்தாழ பதினெட்டு அடி நீளத்திற்குப் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு மறைந்தார். தலைக்கு மேலே திறந்த வானத்துடன் பிரயாணிகள் அமர்ந்திருக்க, விமானத் தலைவர் ராபர்ட் ஷார்ன்ஸ்தைமரும் துணை விமானி மாட்லின் டாம்ப்கின்ஸ் அம்மையாரும் அதனை மாவி தீவில் இறக்கினர். மற்ற 94 பேரும் பிழைத்தனர். புறப்படுமுன் ஏறும் வாயிலருகே ஒரு வெடிப்பைக் கண்டதாகப் பெண் பிரயாணி ஒருவர் பின்னர் கூறினார். அப்பொழுது அவர் எவரிடமும் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்லக் கூச்சப்படுவது உலக இயல்பு போலும்.

அந்த விமானத்தின் கணக்கைக் கவனியுங்கள். ஆண்டுக் கணக்கில் அதற்குப் பத்தொன்பது வயது. பறந்த நேரம் 35,496 மணி; பெருங்கடல்களைக் கடக்கும் விமானத்திற்கு இது பெரிதன்று. பயணங்களின் எண்ணிக்கையோ 89,680. வகுத்துப் பார்த்தால், ஒரு பயணம் இருபத்து நான்கு நிமிஷத்திற்கும் குறைவு. தீவுக்குத் தீவு தாவி, நாளொன்றுக்குச் சராசரியாகப் பதின்மூன்று முறை உப்பிச் சுருங்கியிருக்கிறது. தகடுகளை ஒட்டியிருந்த பசை தளர்ந்து, கடற்காற்று அரிப்பை ஏற்படுத்தி, தறையாணித் துளைகளைச் சுற்றி நுண்ணிய வெடிப்புகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. 1931இல் மரச்சிறகில் பசை செய்த வேலையை, ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து உலோகக் கூரையிலும் செய்தது.

அதன்பின் அமெரிக்க அரசாங்கம் 1991இல் மூப்புற்ற விமானங்களுக்கென்றே சட்டம் இயற்றியது. 2010இல் வெளியிட்ட விதியின்படி, பெரிய விமானங்களை உருவாக்குவோர், எத்தனை பயணங்கள் அல்லது எத்தனை மணி நேரம் வரை அவ்விமானத்தின் உறுதிக்குச் சான்று உண்டு என்று எல்லை வகுக்க வேண்டும். எல்லையை நீட்டிக்க விரும்புவோர் புதிய சான்று காட்ட வேண்டும். ஆரூடத்திற்கு இருந்த இடம் சிறிது குறைந்தது. ஓய்வறைப் பேச்சு குறைந்ததாக என் மாணவர் சொல்லவில்லை.

டக்கோட்டாவின் பிற்காலத்தையும் கூறிவிடுகிறேன். 1947 அக்டோபர் 27ஆம் நாள் சீக்கியப் படையினரை ஸ்ரீநகரில் கொண்டு இறக்கிய டக்கோட்டா ஒன்றின் எண் வி.பி. 905. அதன் நினைவாக அதே எண்ணைத் தாங்கிய வேறொரு டக்கோட்டா, இங்கிலாந்தில் செப்பனிடப்பட்டு, 2018இல் ஐரோப்பாவையும் அரபு நாடுகளையும் கடந்து தன் சொந்த எஞ்சின்களால் பறந்தே ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே 4ஆம் நாள் ஹிண்டன் தளத்தில் இந்திய விமானப் படை அதனை ஏற்றுக்கொண்டு, பரசுராமர் என்ற சிரஞ்சீவியின் பெயரை அதற்கு இட்டது.