‘வேண்டாம்’ எங்கே எழுதப்படுகிறது? குக்கீ ஒப்புதல் பெட்டியின் வரலாறு பற்றி ஒரு மறுவாசிப்பு

குக்கீயைப் பற்றிய எழுத்துகள் பலவற்றில் லாரன்ஸ் லெஸ்ஸிக்கின் நிழல் விழுந்திருக்கிறது. 1999இல் வெளிவந்து 2006இல் திருத்திய பதிப்புக் கண்ட ‘கோட்’ நூலில் அவர் நிறுவ முயன்றது ஒன்றே: இணையத்தில் கட்டமைப்பே சட்டம். சட்டம், சமூக வழக்கம், சந்தை, கட்டமைப்பு ஆகிய நான்கும் மனிதரைக் கட்டுப்படுத்துகின்றன. இணையவெளியில் நான்காவதன் கை ஓங்கியிருக்கிறது என்பார். இதற்கு அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று குக்கீ. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுலி நெறிமுறையில் செய்த ஒரு சிறு மாற்றம், வருகையாளரைத் தொடர்ந்து அடையாளம் காண வழிசெய்தது. 2001இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்த ஒரு கட்டுரையில் லெஸ்ஸிக்கின் கருத்து இன்னும் கூர்மையாகப் பதிவானது: குக்கீக்கு முன் வலை ஏறத்தாழ அந்தரங்கமானது, குக்கீக்குப் பின் அது கண்காணிப்புக்கு ஏற்ற வெளி.

இந்த வாசிப்பில் இரண்டு பிழைகள் இருப்பதாக நான் கருதுகிறேன். முதலாவது சிறியது. குக்கீ இல்லாத காலத்திலும் வழங்கிகளின் பதிவேட்டில் கணினியின் ஐ.பி. முகவரி விழுந்தது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதையும் உலாவி தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ‘முன் அந்தரங்கம், பின் கண்காணிப்பு’ என்ற கோடு அத்தனை நேரானதல்ல. இரண்டாவது பிழை பெரியது. லெஸ்ஸிக் ‘கட்டமைப்பு’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செய்திகளைப் போட்டுக் கட்டிவிடுகிறார்: குக்கீ என்னும் கருவி, அதை ஏற்கலாமா என்று கேட்பவர் யார், ‘வேண்டாம்’ என்ற பதிலை நினைவில் வைப்பவர் யார். கருவி 1994க்குப் பின் அடிப்படையில் மாறவில்லை. மற்ற இரண்டும் மாறிக்கொண்டே வந்தன. இன்று ஒரு செய்தித் தளத்தைத் திறந்ததும் திரையின் பாதியை மறைக்கும் பெட்டியின் வரலாறு அந்த இரண்டின் வரலாறுதான்.

நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 3.0 வெளிவந்தது 1996 ஆகஸ்டில். அதன் பிணைய அமைப்புகளில், குக்கீயை ஏற்குமுன் எச்சரிக்கை காட்டும்படி தேர்ந்துகொள்ளும் வசதி இருந்தது. 1997இன் நேவிகேட்டர் 4 இன்னும் ஒரு படி போயிற்று: பார்க்கும் பக்கத்தின் வழங்கிக்கே திரும்பிச் செல்லும் குக்கீகளை மட்டும் ஏற்பது என்ற தேர்வு அதில் உண்டு. பிற்காலத்தில் ‘மூன்றாம் தரப்புக் குக்கீத் தடை’ என்று பெயர்பெற்றதன் முன்வடிவம் அது. ஆகவே ‘கேட்பது’ என்பது ஐரோப்பியச் சட்டம் கண்டுபிடித்த வழக்கமல்ல. முதலில் கேட்டது உலாவி.

அதே காலத்தில் டேவிட் கிறிஸ்டலும் மாண்டுலியும் எழுதிய ஆர்.எஃப்.சி. 2109 தரம் 1997 பிப்ரவரியில் வெளிவந்தது. தேதியை மட்டும் வைத்து, எச்சரிக்கைப் பெட்டியைப் பார்த்துத் தரம் எழுதப்பட்டதா, தரத்துக்கான விவாதத்தைக் கேட்டுப் பெட்டி செய்யப்பட்டதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தரம் அச்சேறும் நாளும் அதன் கருத்து உருவாகும் நாளும் ஒன்றல்ல. இரு பணிகளிலும் மாண்டுலியின் பெயர் இருக்கிறது. இந்தத் தேதிச் சிக்கலை அப்படியே விட்டுவிடுகிறேன். முக்கியமானது அத்தரத்தின் ஒரு விதி. பயனர் தாமாகச் சென்று பார்க்காத, பக்கத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரும் வேறொரு வழங்கியுடன் குக்கீப் பரிமாற்றம் தொடங்கக் கூடாது. இவ்விதியை மீறும் வசதியை உலாவி தரலாம், ஆனால் அவ்வசதி தொடக்கத்தில் அணைக்கப்பட்டிருக்க வேண்டும். முன்னமைவு ‘இல்லை’ என்பதே தரம். அன்று சந்தையை ஆண்ட இரண்டு பெரிய உலாவிகளும் அந்த முன்னமைவை ஏற்கவில்லை.

லெஸ்ஸிக்கின் தரப்பினர் இங்கே ஒரு பதில் சொல்லக்கூடும்: முன்னமைவும் கட்டமைப்பின் பகுதிதானே? சரிதான். ஆனால் அப்படிச் சொன்னதும் 1994 என்ற ஆண்டு தன் முக்கியத்துவத்தை இழக்கிறது. எழுதப்பட்ட ஒரு விதி 1997இல் கைவிடப்பட்டது என்றால், அது இயந்திரத்தின் இயல்பு அன்று. மனிதர் செய்த தேர்வு.

எச்சரிக்கைப் பெட்டி ஏன் நிலைக்கவில்லை? இதற்கு நேரடியான சான்று கொஞ்சம். ஆனாலும் ஒன்றை அழுத்திச் சொல்வேன். நெட்ஸ்கேப் 3இன் பெட்டிக்கு நினைவில்லை. ஒரு படத்துடன் வந்த குக்கீயை மறுத்தால், அடுத்த படத்துக்கும் அடுத்த பக்கத்துக்கும் அதே கேள்வி வந்தது. ‘இந்த முடிவை நினைவில் வை’ என்னும் கட்டம் நெட்ஸ்கேப் 6இல், 2000ஆம் ஆண்டில்தான் வருகிறது. அதற்குள் கேள்வியைக் காண விரும்பியவர்கள்கூடச் சலித்து அதை அணைத்திருப்பார்கள். மக்கள் அந்தரங்கத்தைப் பொருட்படுத்தவில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவது அநியாயம். மறுப்பை மறந்துவிடும் ஒருவரிடம் எத்தனை முறைதான் மறுப்பது?

இனி நான் அதிக நேரம் செலவிட்ட இடத்துக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/58 எண்ணுள்ள நெறியாணையின் 5ஆம் பிரிவு 3ஆம் உட்பிரிவுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. 2002ஆம் ஆண்டுப் பாடம் சொல்வது: பயனரின் கருவியில் தகவலைச் சேமிப்பதற்கு, அவருக்குத் தெளிவான விவரம் தரப்பட வேண்டும், மறுக்கும் உரிமையைத் தரவுக் கட்டுப்பாட்டாளர் அவருக்கு அளிக்க வேண்டும். 2009 நவம்பரில் வந்த 2009/136 நெறியாணை இதைத் திருத்தியது. திருத்திய பாடம்: விவரம் பெற்ற பயனர் தம் ஒப்புதலை அளித்திருக்க வேண்டும். ‘மறுக்கும் உரிமை’ போய் ‘ஒப்புதல்’ வந்தது என்பதை எல்லாரும் கவனித்திருக்கிறார்கள். அதே வாக்கியத்திலிருந்து இன்னொன்றும் போய்விட்டது. ‘தரவுக் கட்டுப்பாட்டாளர்’ என்ற எழுவாய் காணாமற்போயிருக்கிறது. பழைய பாடத்தில் கேட்கும் கடமை யாருடையது என்று இருந்தது. புதிய பாடத்தில் ஒப்புதல் இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது, யார் கேட்க வேண்டும் என்று இல்லை. இரு பாடங்களிலும் ‘குக்கீ’ என்ற சொல் உட்பிரிவுக்குள் இடம்பெறவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முகப்புரைப் பத்திகளின் பாடபேதம் இதைவிட விசித்திரமானது. 2002இன் 25ஆம் பத்தி, விவரம் தருதல், மறுக்கும் உரிமை அளித்தல், ஒப்புதல் கோருதல் ஆகிய மூன்றுக்குமான முறைகள் பயனருக்கு இயன்றவரை எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. 2009இன் 66ஆம் பத்தி அதே வாக்கியத்தை மீண்டும் எடுத்துக்கொள்கிறது. ஆனால் மூன்று இரண்டாகிவிட்டது: விவரம் தருதல், மறுக்கும் உரிமை அளித்தல். ஒப்புதல் கட்டாயமான அதே ஆவணத்தில் ‘ஒப்புதல் கோருதல்’ நீக்கப்பட்டு, உட்பிரிவிலிருந்து விரட்டப்பட்ட ‘மறுக்கும் உரிமை’ முகப்புரையில் உயிரோடு இருக்கிறது. இது எழுதியவரின் கைப்பிழை என்று ஒருவர் சொல்லலாம். பேரம் பேசி எழுதப்பட்ட ஆவணத்தில் பழைய அடுக்கும் புதிய அடுக்கும் கலந்து கிடப்பது இயல்பே. ஆனால் பத்தி அங்கே நிற்கவில்லை. தொழில்நுட்பம் இடங்கொடுத்து, பயனும் தருமானால், பயனரின் ஒப்புதலை உலாவியின் உரிய அமைப்புகள் வழியாகவே வெளிப்படுத்தலாம் என்று அடுத்துச் சொல்கிறது. இந்த வரிக்கு நியாயமான பொருள் ஒன்றுதான்: கேள்வி உலாவியில் இருக்கட்டும் என்று எண்ணியவர்கள் அந்த மேசையில் இருந்தார்கள். 2009 நவம்பரிலேயே 13 உறுப்பு நாடுகள் இப்பத்தியைச் சுட்டி, பழைய நடைமுறையை மாற்றும் நோக்கம் இல்லை என்று அறிக்கை விட்டதும் இதையே காட்டுகிறது.

அந்தக் கதவை அடைத்தது எது? 2010 ஜூனில் ஐரோப்பியத் தரவுக் காப்பு அதிகாரிகளின் 29ஆம் பிரிவுப் பணிக்குழு தன் கருத்துரையில், எல்லாக் குக்கீயையும் ஏற்கும் முன்னமைவு கொண்ட உலாவியைப் பயனர் மாற்றாமல் விட்டதை ஒப்புதலாகக் கொள்ள இயலாது என்றது. மூன்றாம் தரப்புக் குக்கீயை முன்னமைவாகவே மறுத்து, பயனர் தாமாகச் செயல்பட்டால் மட்டும் ஏற்கும் உலாவி என்றால் பரிசீலிக்கலாம். அதாவது, ஆர்.எஃப்.சி. 2109 கேட்ட அதே உலாவி! 13 ஆண்டுகளுக்கு முன் அந்த ஒரு விதி நிறைவேறியிருந்தால் பக்கந்தோறும் பெட்டி முளைத்திருக்காது என்பது என் ஊகம். இதற்கு எதிரான சான்றையும் மறைக்கக் கூடாது. ஆப்பிளின் சஃபாரி தொடக்க காலம் முதலே பெரும்பாலான மூன்றாம் தரப்புக் குக்கீகளை மறுத்துவந்தது. இருந்தும் சஃபாரி பயனர் முன்னும் பெட்டி வந்தது. அந்தத் தடுப்பில் இருந்த இடைவெளி வழியே நுழைந்ததற்காக 2012இல் கூகுள் அமெரிக்காவில் 2.25 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது என்பதைக் கொண்டு, அந்தத் தடுப்பே முழுமையானதல்ல என்று வாதிடலாம். ஆனாலும் என் ஊகம் ஊகமாகவே நிற்கிறது.

2011இல் இரண்டு பாதைகளும் பிரிந்தன. ஏப்ரலில் வந்த ஆர்.எஃப்.சி. 6265, மூன்றாம் தரப்புக் குக்கீயை உலாவிகள் தம் விருப்பப்படி கையாளலாம் என்று விட்டுவிட்டது. மே 25ஆம் நாள் திருத்திய நெறியாணையை நாடுகள் செயல்படுத்துவதற்கான கெடு. தரம் கைவிட்ட கேள்வியை அடுத்த மாதமே சட்டம் கையில் எடுத்தது. உலாவி விலகிய இடத்தில் தளம் வந்து நின்றது. 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்த பொதுத் தரவுக் காப்பு ஒழுங்குமுறை, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தின் 2019 அக்டோபர் பிளானட்49 தீர்ப்பு ஆகியவை பெட்டியைப் பெரிதாக்கின; பிறப்பித்தவை அவையல்ல.

அடுத்த சான்று சிறியது, ஆனால் என்னை விட்டு நீங்காதது. 2016 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 44 பதிப்பில், குக்கீக்காக ‘ஒவ்வொரு முறையும் என்னைக் கேள்’ என்றிருந்த தேர்வு நீக்கப்பட்டது. அதே பதிப்பில், பக்கம் திறந்திராதபோதும் வலைத்தளங்கள் அறிவிப்பு அனுப்பும் வசதி வந்தது. அதற்கு அனுமதி கேட்கும் பெட்டி உலாவியுடையது. ஒரே வெளியீட்டில் உலாவி ஒரு கேள்வியைக் கைவிட்டு இன்னொன்றை ஏற்றிருக்கிறது. இரண்டுக்கும் காரணத் தொடர்பு இருப்பதாகச் சொல்ல மாட்டேன். வெவ்வேறு குழுக்களின் வேலை ஒரு நாளில் வெளிவந்திருக்கலாம். ஆனால் இந்த இரட்டை நிகழ்வு நமக்கு ஓர் ஒப்பீட்டை அளிக்கிறது. அறிவிப்பு அனுமதியில் ‘வேண்டாம், இனிக் கேட்காதே’ என்றால் அந்தப் பதில் உலாவியின் அமைப்புகளில், அத்தளத்தின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிறது. குக்கீகளை அழித்தாலும் அது அழிவதில்லை. குக்கீப் பெட்டியில் ‘வேண்டாம்’ என்றாலோ, அதை எழுதிவைப்பது தளம். பல இடங்களில் எழுதிவைக்கும் இடமும் ஒரு குக்கீயே. உலாவியை மூடும்போதெல்லாம் குக்கீயை அழிக்கும்படி அமைத்திருப்பவர் தம் மறுப்பையும் சேர்த்து அழிக்கிறார். மறுநாள் பெட்டி திரும்பவும் வருகிறது. 2019 முதல் சஃபாரி, பக்கத்தின் நிரல் எழுதும் குக்கீயின் ஆயுளை 7 நாளாகக் குறைத்தது. அவ்வாறு எழுதப்பட்ட மறுப்பின் ஆயுளும் 7 நாளாயிற்று. பதிலை 6 மாதம் காப்பது நல்ல வழக்கம் என்று பிரான்சின் தரவுக் காப்பு ஆணையம் 2020இல் சொன்னது இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. தம்மைக் காத்துக்கொள்ள அதிகம் முயல்பவரிடமே அதிக முறை கேட்கப்படுகிறது. இதில் எனக்குள்ள கோபத்தை மறைக்க வேண்டியதில்லை.

அறிவிப்புப் பெட்டியின் பிற்கால வரலாறு இந்த வாசிப்பை உறுதிசெய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 63 பதிப்பில் ஒரே மாதத்தில் இத்தகைய கேள்விகள் 145 கோடி முறை காட்டப்பட்டன என்றும், ஏற்கப்பட்டவை ஏறத்தாழ 2.37 கோடி என்றும் மொசில்லா வெளியிட்டது. அறுபதில் ஒன்று. 2020 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 72, பயனர் பக்கத்தில் எதையாவது தொடாத வரை கேள்வியை முகவரிப் பட்டையின் ஒரு சிறு குறியாக அடக்கியது. அடுத்த மாதம் குரோம் 80 அமைதியான வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. தளங்கள் என்ன செய்தன? உலாவியின் பெட்டியில் ஒருமுறை மறுப்பு விழுந்தால் மீட்பது கடினம் என்பதால், அதற்கு முன்னால் தம் சொந்தப் பெட்டி ஒன்றைப் பக்கத்துக்குள் வைத்தன. ‘அனுமதி’, ‘பிறகு’ என இரண்டே பொத்தான்கள். ‘பிறகு’ உலாவியில் எங்கும் எழுதப்படுவதில்லை. உலாவியின் அமைப்புகளில் அறிவிப்புக் கோரிக்கைகளை முழுவதுமாகத் தடுத்துவைத்தவருக்கும் இந்தப் போலிப் பெட்டி வரக்கூடும். அது உலாவியைக் கேட்டு வருவதில்லை.

லெஸ்ஸிக்குக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1999லேயே அவர், மனிதர் ஒவ்வொரு தளத்தின் கொள்கையையும் படித்துக்கொண்டிருக்க இயலாது, அவர் சார்பில் இயந்திரமே பேசட்டும் என்று பி3பி என்னும் திட்டத்தை ஆதரித்தார். 2002 ஏப்ரலில் அது முறையான தரமாயிற்று, நிலைக்கவில்லை. பின்னால் வந்த ‘பின்தொடராதே’ சமிக்ஞையின் பணிக்குழு 2019 ஜனவரியில் மூடப்பட்டது. இரண்டிலும் உலாவி பேசியது. கேட்பதற்கு மறுபுறம் யாரும் கட்டுப்பட்டிருக்கவில்லை. கட்டமைப்பு சட்டமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

உலாவி கேள்வியைக் கைவிட்ட ஆண்டு எது என்று கேட்டால் 1997, 2011, 2016 மூன்றுக்கும் வாதம் உண்டு. நான் முதலாவதன் பக்கம் சாய்கிறேன், உறுதியாக அல்ல. 2025 ஏப்ரலில் கூகுள், மூன்றாம் தரப்புக் குக்கீ பற்றிக் குரோம் பயனரிடம் தனியாகக் கேட்கும் திட்டத்தையும் விட்டுவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் முன்வைத்த முன்மொழிவு, 66ஆம் பத்தியின் அந்தப் பழைய வரிக்கு மறுபடி உயிர் கொடுக்கிறது: பயனரின் விருப்பத்தை உலாவி இயந்திரச் சமிக்ஞையாகச் சொல்லும், தளங்கள் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஊடக நிறுவனங்களுக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. திரையின் பாதியை மறைக்கும் பெட்டியை நான் முதலில் குறிப்பிட்டது ஒரு செய்தித் தளத்தை வைத்துத்தான்.