எல்லைக்கு அப்பால் ஆள் சேர்த்தவர்கள்

கோட்டக்குப்பத்தைத் தாண்டினால் புதுச்சேரி. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சில அடி தூரம் இரண்டு அரசுகளின் எல்லை: இந்தப் பக்கம் பிரிட்டிஷ், அந்தப் பக்கம் பிரெஞ்சு.

1848-இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. தோட்ட முதலாளி கடல் கடந்து வந்து ஆள் தேட முடியுமா? அந்த வேலையைப் புதுச்சேரி வணிகர்களின் குடியேற்றச் சங்கம் ஏற்றது. சங்கம் ஆள் திரட்டும் மேஸ்திரிகளை நம்பியது. மேஸ்திரிகள் ஊர் ஊராகப் போனார்கள். இன்று மனிதவளத் துறை செய்யும் ஆள் தேர்வு, ஒப்பந்தம், அனுப்பிவைத்தல் எல்லாம் அன்றே வெளியாள் கைக்குப் போய்விட்டது. 1853-இல் 'ஒரேலி' கப்பல் தமிழர்களை மார்த்தினிக்கில் இறக்கியது.

பிரெஞ்சுப் பகுதியில் ஆள் குறைவு. அதனால் பிரான்ஸ் பிரிட்டனுடன் செய்த 1861 ஒப்பந்தம் பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆளெடுக்க வழிவிட்டது. ஏறுதுறையில் மேற்பார்வைக்கு ஒரு பிரிட்டிஷ் முகவர். தொழிலாளியின் ஒப்பந்தக் காலம் ஐந்தாண்டு. கெடுபிடிப் புகார்கள் பெருகவே, 1882-இல் ரியூனியனுக்கு ஆள் அனுப்புவதை பிரிட்டன் நிறுத்தியது.

இடைத்தரகர் இலங்கையிலும் இருந்தார். அங்குள்ள தோட்டங்களில் மேற்பார்வையாளரான கங்காணியே ஆள் பிடித்தார், முன்பணம் தந்தார், வேலையும் வாங்கினார். கடனோடு தொழிலாளியைக் கைமாற்றிய 'துண்டு' முறை 1921-இல்தான் ஒழிந்தது.

பின்னர் தொழிலாளர் நலன் ஆலையின் பொறுப்பாகவும் ஆனது. இந்தியாவில் 1948 தொழிற்சாலைகள் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலரைக் கட்டாயமாக்கியது. ஆனால் ஆள் தரும் ஒப்பந்தக்காரர் மட்டும் விலகவில்லை. அவரை நெறிப்படுத்த 1970-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.