தேக்கும் அரக்கும்: நம் வீட்டு மேசையின் சரித்திரம்

போன மாதம் எங்கள் பிளாக்கின் தரைத்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஒரு பழைய தேக்கு மேசை இரண்டு நாள் நின்றது. மேல்பலகையில் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள். ஒரு இழுப்பறை பாதி திறந்தபடி இறுகிப் போயிருந்தது. "வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்" என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் பழைய சாமான் வண்டியில் ஏறிப் போய்விட்டது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன் நானும் என் அப்பாவின் மேசையை அப்படித்தான் கொடுக்க இருந்தேன்.

அப்பா அந்த எழுத்து மேசையை 1950களில் ஓர் ஏலத்தில் எடுத்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "பர்மா தேக்கு" என்று தட்டிக் காட்டுவார். நான் பி.காம். படித்ததும் வங்கித் தேர்வுக்குத் தயாரானதும் அதன் மேல்தான். 2020இல் கொரோனா சமயத்தில் அதை வாசல் பக்கம் நகர்த்தி, மேலே சானிடைசர் பாட்டில் வைத்தோம். சொட்டுச் சொட்டாகச் சிந்திச் சிந்தி, ஒரே மாதத்தில் பாலிஷ் பிசுபிசுத்து, திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. மரமே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். மகன் புது மேசைக்கு ஆர்டர் போடத் தயாராகிவிட்டான்.

கடைசி முயற்சியாக வயதான பாலிஷ்காரர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மரத்துக்கு ஒண்ணும் ஆகலை சார். மேல இருக்கிறது அரக்கு. ஸ்பிரிட் பட்டா கரையத்தான் செய்யும். அதே ஸ்பிரிட்டை வெச்சு சரி பண்ணிரலாம்" என்றார்.

அரக்கு என்றதும் எனக்கு வங்கி நினைவுதான் வந்தது. பணப் பைகளுக்கும் சாவி உறைகளுக்கும் மெழுகுவர்த்தியில் அரக்கை உருக்கி முத்திரை வைத்த கை இது. அதே பொருள் என் வீட்டு மேசையிலும் இருக்கிறது என்பது அறுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பிறகு மரத்தைப் பற்றியும் பாலிஷைப் பற்றியும் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மரம். ஆங்கிலத்தில் தேக்குக்கு வழங்கும் பெயரே நம் பக்கத்துச் சொல். மலபார் கரையில் 'தேக்கு' என்று கேட்டதைப் போர்ச்சுகீசியர் 'தேக்கா' ஆக்க, அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. இந்த மரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் தண்ணீரும் கரையானும் சுலபமாக அண்டாது. ஓக் மரத்தில் இரும்பு ஆணி அடித்தால் நாளடைவில் அரித்துவிடும். தேக்கில் அந்தத் தொல்லை குறைவு. கப்பல் கட்டுகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கால் கட்டி 1817இல் கடலில் இறக்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. இருநூறு வயதைத் தாண்டிய அந்தக் கப்பலின் பெயர் 'திருகோணமலை'.

இப்படி வெட்டிக்கொண்டே போனதில் மலபார்க் காடுகள் மெலிந்தன. அப்போது மலபார், சென்னை மாகாணத்தில் ஒரு ஜில்லா. அதன் கலெக்டர் கானலி 1840களில் நிலம்பூரில் தேக்கை வரிசையாக நட்டு வளர்க்க ஏற்பாடு செய்தார். களத்தில் நின்று அதை நடத்திக் காட்டியவர் சாத்து மேனன். உலகின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று சொல்லப்படும் அதன் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. ஆனால் தேக்கு முற்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வியாபாரம் அதுவரை காத்திருக்குமா? பார்வை பர்மா பக்கம் திரும்பியது.

அங்கே மரத்தை உடனே வெட்டிச் சாய்க்க மாட்டார்கள். அடிமரத்தைச் சுற்றி வளையமாகக் கொத்திவிட்டு, இரண்டு மூன்று வருஷம் நின்ற நிலையிலேயே காய விடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது என்பதே காரணம். காய்ந்த பிறகு சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, ஐராவதி ஆற்றில் தெப்பமாகக் கட்டி ரங்கூனுக்கு மிதக்க விடுவார்கள்.

கணக்கர்களுக்குப் பிடித்த ஒரு சங்கதியும் இதில் உண்டு. பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் என்ற கம்பெனி, வெட்டிய மரங்களைக் குறைத்துக் கணக்குக் காட்டியது என்று பர்மிய அரசவை 1885இல் பெரும் அபராதம் விதித்தது. அதையே சாக்காக வைத்து ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். அந்த நவம்பரிலேயே மாண்டலே விழுந்தது. மன்னர் தீபாவை ரத்னகிரிக்கு நாடு கடத்தினார்கள். 1886 ஜனவரி முதல் தேதி பர்மா முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. மரக் கணக்கில் வந்த ஒரு தகராறு ஒரு ராஜ்ஜியத்தையே முடித்துவைத்தது.

அந்த பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் காரைக்குடிப் பக்கத்து வீடுகளுக்குத் தூண்களாகவும் நிலைக் கதவுகளாகவும் தேக்கைக் கொண்டுவந்தார்கள். 1942இல் ஜப்பானியர் படை நுழைந்ததும் எத்தனையோ தமிழர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. இங்கே வந்து சேர்ந்திருந்த மரம் மட்டும் நிலைத்தது. நல்ல தேக்கு எதுவானாலும் 'பர்மா தேக்கு' என்று சொல்லும் பழக்கமும் நிலைத்துவிட்டது. அப்பாவின் மேசைக்கும் அந்தப் பட்டம் அப்படித்தான் வந்ததோ என்னவோ!

அடுத்தது பாலிஷ். அரக்கு என்பது புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின். பாரதத்தில் பாண்டவர்களுக்குக் கட்டிய அரக்கு மாளிகை நமக்குத் தெரியும். சூடு ஆகாது என்ற பாடமும் அதிலேயே இருக்கிறது. இன்றும் ஜார்க்கண்ட் பக்கம்தான் அரக்கு அதிகம் விளைகிறது. அதற்கென்றே ராஞ்சிக்கு அருகே 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நம் தாத்தாக்கள் கேட்ட பழைய கிராமபோன் தட்டுகளும் அரக்கில் செய்தவைதான். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பந்தால் மெல்லிசாகப் பல தடவை தேய்ப்பதே 'ஃபிரெஞ்சு பாலிஷ்'. பெயர் ஃபிரெஞ்சு, சரக்கு நம் நாட்டுடையது.

இந்தக் கதை தெரிந்தால் பராமரிப்பு தானாகவே புரியும். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே சானிடைசர், சென்ட், கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே எதுவும் அதன் மேல் வேண்டாம். சூட்டில் இளகும், ஈரத்தில் வெளுக்கும். காபி டம்ளருக்கு அடியில் ஒரு தட்டு போதும். அந்த வெள்ளை வட்டங்கள் பெரும்பாலும் பாலிஷோடு நின்றுவிடும், மரத்துக்குள் இறங்குவதில்லை. உங்கள் வீட்டில் இருப்பது அரக்கு பாலிஷா, இப்போதைய மெலமைன், பி.யு. வகையா என்று தெரிய, கண்ணுக்குப் படாத மூலையில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அது காயாமல் தூசியைப் பிடித்து வைக்கும். தினமும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தாலே போதும்.

மழைக்காலத்தில் பலகை ஈரம் குடித்து அகலும், இழுப்பறை இறுகும். அதற்காக உடனே இழைப்புளி போட்டுச் செதுக்கினால் கோடையில் லொடலொடவென்று ஆடும். ஓரங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு வெயில் காலம் வரை பொறுங்கள். தேக்கிலும் வைரம் பாய்ந்த பகுதியைத்தான் பூச்சி அண்டாது. வெளிறிய ஓரப் பலகையிலும், பின்பக்கம் அடித்த மட்ட மரத்திலும் வரும். மாவு போலத் தூள் உதிர்ந்தால் உடனே கவனியுங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போட்டால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். பிரம்பு நாற்காலி தொய்ந்திருந்தால், அடிப்பக்கம் வெந்நீர்த் துணியால் நனைத்து நிழலில் காய விடுங்கள். பிரம்பு அறுந்திராவிட்டால் மறுபடி இறுகிக்கொள்ளும்.

என் மேசைக்கு அந்தப் பாலிஷ்காரர் மூன்று நாள் வேலை செய்தார். புது மேசைக்கு மகன் பார்த்து வைத்திருந்த விலையில் பாதிகூட ஆகவில்லை. இப்போது பேத்தி அதில் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதுகிறாள். மேசையின் மேல் சூடான பாத்திரத்தை யாராவது வைக்கப் போனால் முதலில் சத்தம் போடுவது அவள்தான்.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பழைய மேசையோ பீரோவோ லிஃப்டில் இறங்குவதற்கு முன், தயவுசெய்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன்.