அடையாற்றுப் போரும் பொம்மைச் சிப்பாய்களும்

நவராத்திரி வந்துவிட்டால் திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வீட்டுக்கு வீடு கொலுப் படிகள் எழும். படிகளில் தசாவதாரமும் செட்டியாரும் மரப்பாச்சியும் வீற்றிருக்கும். அது பெரியோரின் ஆட்சிக்குட்பட்ட பகுதி. படிகளுக்குக் கீழே தரையில் அமையும் ‘பார்க்’ மட்டும் சிறுவர்களின் தனியரசு. மணலைப் பரப்பி, கேழ்வரகை முளைக்கவிட்டு வயலாக்கி, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி அவர்கள் ஓர் உலகத்தையே படைத்துவிடுவார்கள். அவ்வுலகில் ஒரு போர்க்களத்தை அமைக்க விரும்பும் மாணவர் வாட்டர்லூவைத் தேடிக் கடல் கடக்க வேண்டுவதில்லை. திருவல்லிக்கேணியிலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய அடையாற்றங்கரையில், இந்திய வரலாற்றின் போக்கையே மாற்றிய போர் ஒன்று நிகழ்ந்திருக்கிறது.

1746 செப்டம்பரில் லபூர்தொனே தலைமையில் வந்த பிரெஞ்சுக் கப்பற்படை சென்னைக் கோட்டையைக் கைப்பற்றியது. நகரத்தை ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாகப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே வாக்களித்திருந்தார். வாக்கு நிறைவேறவில்லை. நவாபு தம் மூத்த மகன் மாபூஸ்கானைச் சுமார் 10,000 பேர் கொண்ட சேனையுடன் அனுப்பினார். கோட்டையிலிருந்து வெளிப்பட்ட சிறு பிரெஞ்சுப் படையிடம் தோல்வியுற்ற மாபூஸ்கான், புதுச்சேரியிலிருந்து வரும் உதவிப் படையைத் தடுக்க அடையாற்றின் வடகரையில் பீரங்கிகளுடன் அணிவகுத்து நின்றார். அன்று ஆங்கிலேயர் வழங்கிய பழைய பஞ்சாங்கப்படி அக்டோபர் 24ஆம் நாள். பிரெஞ்சுக்காரர் கணக்கில் நவம்பர் 4. பரதி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஏறத்தாழ 230 ஐரோப்பியரையும் 700 இந்தியச் சிப்பாய்களையும் நடத்தி வந்தார். அவரிடம் பீரங்கி இல்லை. ஆயினும் படை ஆற்றில் இறங்கிக் கடந்தது; கரையேறி ஒருசேரச் சுட்டது; துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியுடன் பாய்ந்தது. நவாபின் சேனை சாந்தோமை நோக்கிச் சிதறி ஓடிற்று.

இக்காட்சியை அமைக்க எத்தகைய பொம்மைகளைத் தேர்ந்தெடுப்பது? முதற்கேள்வி, எவருடைய பொம்மைகள் என்பது. கடைகளில் எளிதில் கிடைப்பவை செஞ்சட்டை அணிந்த ஆங்கிலச் சிப்பாய்கள். இப்போரில் அவர்களுக்கு இடமே இல்லை. போரிட்டவர்கள் பிரெஞ்சுத் தரப்பினரும் நவாபின் தரப்பினருமே. நெப்போலியன் காலத்து உயர்ந்த குழாய்த் தொப்பி அணிந்த வீரர்களும் பொருந்தார். 1746இல் ஐரோப்பியக் காலாட்படையினர் அணிந்தது முக்கோணத் தொப்பி. சிப்பாய்களுக்கோ தலைப்பாகையும் நாட்டு உடையுமே பொருந்தும். ஐரோப்பியப் பாணிச் சீருடை அவர்களுக்குப் பரவலாக வந்தது பிற்காலத்தில்தான்.

இரண்டாவது, எத்தனை பொம்மைகள் என்பது. நூறு வீரருக்கு ஒரு பொம்மை என்று கொள்வோம். வடகரையில் நூறு பொம்மைகள் நிற்கும். தென்கரையில் நிற்பவை ஒன்பது அல்லது பத்தே. அப்பத்தை இனம் பிரித்துப் பாருங்கள்: இரண்டோ மூன்றோ ஐரோப்பியர், ஏழு பேர் இந்தியர்! ‘விரல்விட்டு எண்ணத்தக்க ஐரோப்பியர் பதினாயிரவரை வென்றனர்’ என்று பல நூல்கள் கூறிச் செல்லும் கதையை இந்தப் பத்துப் பொம்மைகள் திருத்திவிடுகின்றன அல்லவா? வென்றது நிறமன்று, பயிற்சி. வரிசை கலையாமல் நின்று, கட்டளைக்கு ஒருசேரச் சுட்டு, விரைவில் மருந்திட்டு மீண்டும் சுடும் பழக்கமே வென்றது. அப்பழக்கம் இந்தியர்க்கும் கைவந்தது என்பதற்கு அந்த ஏழு பொம்மைகளே சாட்சி.

மூன்றாவது, அளவு. 54 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மை ஏறத்தாழ 32இல் ஒரு பங்கு அளவினது. 72இல் ஒரு பங்கு அளவுள்ளதோ சுண்டுவிரலின் பாதியே இருக்கும். ஆற்றின் அகலத்தை நூறு மீட்டர் என்று கொண்டால், முதல் அளவில் மூன்று மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். இரண்டாவதில் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கும். ஆகவே ஆற்றையும் இரு சேனைகளையும் காட்ட விரும்புவோர் சிறியதைக் கொள்க. கரையேறும் நால்வரின் முகபாவத்தைக் காட்ட விரும்புவோர் பெரியதைக் கொள்க. கொலுப் படியில் எலியைவிடச் சிறிய யானை நின்றாலும் குறையில்லை. வரலாற்றுக் காட்சியில் இரண்டு அளவுகளைக் கலத்தல் ஆகாது.

பொம்மைச் சிப்பாய்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரத்தார் தட்டையான ஈயத் தகட்டு வீரர்களை வார்த்தனர். 1893இல் இங்கிலாந்தின் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற வார்ப்பு வீரர்களை மலிவாக விற்றது. எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கென விதிகள் வகுத்து ஒரு நூலே எழுதினார். இவற்றைச் செய்தவர்கள் தம் நாட்டுப் படைகளையே மிகுதியாகச் செய்தனர், அது இயல்பு. ஆனால் கர்நாடகத்துச் சிப்பாயைப் பெட்டியில் அடைத்து நமக்கு யார் தருவார்? களிமண்ணாலோ காகிதக் கூழாலோ நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். மாபூஸ்கானுக்குக் குறையில்லை, பெருங்கொடி ஏந்திய யானைமேல் அவர் தப்பிச் சென்றதாக வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். அதற்குக் கொண்டபள்ளி அம்பாரி யானை ஒன்று போதும்.

போரின் விளைவு யாது? ஐரோப்பியப் பயிற்சி பெற்ற சிறுபடையின் வலிமையைப் பிரெஞ்சுக்காரர் மட்டுமன்றி ஆங்கிலேயரும் உணர்ந்தனர். 1749இல் சென்னை அவர்களிடம் மீண்டது. அவர்களும் சிப்பாய்ப் படைகளைப் பெருக்கினர். அவ்வாண்டே அன்வருத்தீன் ஆம்பூர்ப் போரில் மாண்டார். அவருடைய மற்றொரு மகன் முகம்மது அலி ஆங்கிலேயரை அண்டி நவாபானார். 1768இல் சேப்பாக்கம் அரண்மனையை எழுப்பினார். அடையாற்றில் தோற்ற குடும்பத்தின் எஞ்சிய பெருமை, இன்றும் திருவல்லிக்கேணியின் ஓரத்தில் சிவந்த கட்டடமாய் நிற்கிறது.

மாணவ நண்பர்களே! ஒரு பொம்மையை எடுத்து மணலில் நிறுத்தும்போது, இவன் அன்று இங்கு நின்றானா என்று கேளுங்கள். நின்றவனை விட்டுவிட்டு நில்லாதவனை நிறுத்தினால், காட்சி அழகாயிருக்கலாம், வரலாறு ஆகாது. பெயர் எழுதப்படாத அந்த எழுநூறு பேருக்கு உங்கள் களத்தில் ஏழு பொம்மைகளின் இடமேனும் கொடுங்கள்.