வீட்டில் செய்த கண்

வீட்டுக் காவலுக்கென ஒரு கண்ணைச் செய்துகொண்டவர்களின் வரலாற்றை நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து தொடங்கலாம். அங்கு வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் ஒரு செவிலியர். அவருக்கு வேளைகெட்ட வேளையில் பணி. கணவர் ஆல்பர்ட் மின்னணுத் தொழில்நுட்பர். அவரும் பல இரவுகள் வீட்டில் இருப்பதில்லை. அழைத்தால் காவல்துறை வந்து சேரத் தாமதமாகும். கதவருகே போகாமலேயே, தட்டுபவர் யாரெனக் காண ஒரு வழி வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து வகுத்த அமைப்புக்கு 1966இல் காப்புரிமை கோரினர். 1969 டிசம்பர் 2 அன்று அது கிட்டியது. கதவில் நான்கு துளைகள், வருபவரின் உயரத்துக்கேற்ப ஏறி இறங்கும் கேமரா, உள்ளறையில் ஒரு தொலைக்காட்சித் திரை, பேசவும் கேட்கவும் ஒலிவாங்கி, இருந்த இடத்திலிருந்தே கதவைத் திறக்க ஒரு பொத்தான். அஞ்சியவர் எவரோ அவரே அதைச் செய்தார். திரையின் முன் அமர்ந்தவரும் அவரே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் தோன்றிய கேமராவுக்கு அத்தகைய அச்சம் எதுவும் காரணமன்று. காப்பி தீர்ந்துபோயிருந்ததே காரணம். 'டிரோஜன் அறை' எனப்பட்ட அறைக்கு வெளியே ஒரு காப்பி இயந்திரம். மாடி இறங்கி வருவோர் வெறும் பாத்திரத்தைக் கண்டு திரும்புவர். ஒரு கேமராவை அதன்மேல் திருப்பி வைத்து, ஏகார்ன் ஆர்க்கிமிடீஸ் கணினி ஒன்றில் இணைத்தார்கள். பால் ஜார்டெட்ஸ்கி படத்தை அனுப்பும் நிரலை எழுத, குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர் அதைக் காட்டும் நிரலை எழுதினார். 128க்கு 128 புள்ளிகள், சாம்பல் நிறம், நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று படங்கள். நிரம்புவதே மெதுவாக நிரம்பும் பாத்திரத்துக்கு அது போதும். 1993இல் படம் இணையத்தில் ஏற, உலகமே அப்பாத்திரத்தை எட்டிப் பார்த்தது. ஆய்வகம் வேறு கட்டடத்துக்குப் பெயர்ந்தபோது, 2001 ஆகஸ்ட் 22 அன்று கேமராவை அணைத்தார்கள். பழைய நிரல்களைப் பராமரிப்பது கடினமாகிவிட்டது என்பதும் அன்று சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. கண்ணாடி தேயவில்லை, நிரல் தேய்ந்துவிட்டது.

அதே 1991 ஆகஸ்டில்தான் ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 386 கணினிக்காக எழுதிவந்த இயங்குதளத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். லினக்ஸின் 'வழங்கல்' என்பதைத் தமிழ் படித்தவர்க்கு எளிதில் விளக்கலாம். மூலம் ஒன்று, ஏடு பெயர்த்தெழுதியோர் பலர், ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்பச் சேர்த்தும் விடுத்தும் எழுதினர். பெரும்பாலோர் சேர்த்துக்கொண்டே போக, சிலர் விடுவதில் கவனம் செலுத்தினர். ஜான் ஆண்ட்ரூஸ் தொடங்கிய 'டேம் ஸ்மால் லினக்ஸ்' 50 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை என்று நோன்பிருந்தது. முகவரி அட்டை அளவுள்ள குறுவட்டில் அது அடங்கியது. 2003இல் ஆஸ்திரேலியாவின் பாரி காலர் வெளியிட்ட 'பப்பி' தன்னை முழுதும் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு இயங்கியது. பிறர் ஒதுக்கிய கணினிகளுக்கு இவை மறுவாழ்வளித்தன.

காவற்கண்ணும் இங்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் ஃபிலிப் கூம்ப்ஸ் என்பவரின் வண்டிக் கொட்டகையிலிருந்து கருவிகள் களவு போயின; விற்பனையிலிருந்த மென்பொருள்கள் மனநிறைவு தராததால் அவர் தாமே எழுதியது 'சோன்மைண்டர்' (2002). அதற்குச் சற்று முன்னரே வந்த 'மோஷன்' இன்னும் எளியது. இப்போதைய படத்தை முந்தைய காட்சியோடு ஒப்பிடும். மாறிய புள்ளிகள் குறித்த அளவைத் தாண்டினால் (இயல்பாக 1500) பதிவு செய்யும். அவ்வளவே.

நாம் இவ்வரலாற்றுக்குள் புகுந்தது 2023இல், அம்மாவின் பொருட்டு. ஊரில் தனியே இருப்பவர். கொல்லைக் கதவருகே ஒருமுறை வழுக்கி விழுந்து, வெகுநேரம் யாரும் அறியாமல் கிடந்தார். கடையில் விற்கும் கேமராவை வாங்கி மாட்டலாம் என்றோம். படம் எங்கே போகும் என்று கேட்டார். நிறுவனத்தின் கணினிக்குப் போய் அங்கிருந்து நமக்கு வரும் என்றோம். "நான் தலை உலத்துறத ஊர்பேர் தெரியாதவன் பாக்கணுமா? வேண்டாம்ப்பா" என்று முடித்துவிட்டார். பிறகென்ன, பரணிலிருந்து பெண்டியம் 4 இறங்கியது: 512 மெகாபைட் நினைவகம், 32 பிட்.

முதலில் நிறுவிய பெரிய வழங்கல், திரையைக் காட்டுவதற்குள் நினைவகத்தைத் தின்று தீர்த்தது. அடுத்து ஆன்டிஎக்ஸ் 23. அதில் 32 பிட் பதிப்பு உண்டு. வரைகலைத் திரையே இல்லாமல் நிறுவினோம். காவல் நிற்பவனுக்கு ஒப்பனை எதற்கு?

வாசலுக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று என இரு வெப்கேம்கள். ஒன்று இயங்கினால் மற்றொன்று மறுத்தது. 'சாதனத்தில் இடமில்லை' என்றது பிழைச்செய்தி. வன்தட்டு நிறைந்துவிட்டதெனக் கருதி, வைத்திருந்த பழைய கோப்புகளையெல்லாம் அழித்துத் தீர்த்தோம். ஒரு ஞாயிறு முழுதும் போயிற்று, செய்தி மாறவில்லை. செய்தி சொன்ன இடம் வேறு என்று பிறகே விளங்கிற்று. 640க்கு 480 புள்ளிகள், புள்ளிக்கு இரண்டு பைட், நொடிக்கு 30 படம் எனில் சுருக்கப்படாத நிலையில் ஒரு கேமராவே நொடிக்கு ஏறத்தாழ 18 மெகாபைட் கேட்கும். இரண்டும் ஒரே யுஎஸ்பி பாதையை முன்பதிவு செய்ய, இரண்டாவதற்கு அங்கே இடமில்லை! சொல்லுக்குப் பொருள் கொள்ளும்போது இடம் நோக்குக என்று வகுப்பில் ஓயாது சொல்பவர் நாம். இரண்டையும் ஜேபெக் வடிவிற் சுருக்கி அனுப்பச் செய்து, நொடிக்கு ஐந்து படமெனக் குறைத்ததும் இரு கண்களும் விழித்தன.

பின்னர் இரவுத் தொல்லை. கொல்லை விளக்கைப் போட்டால் பதிவு, அணைத்தால் பதிவு. படம் முழுதும் ஒரே கணத்தில் மாறினால் அது ஒளிமாற்றமே, ஆள் நடமாட்டமன்று என மோஷனுக்குச் சொல்ல வழியுண்டு, அதைச் செய்தோம். ஒளியைச் சுற்றிய பூச்சிகளுக்கு வழி இல்லை. தாய்ப்பலகை மின்கலம் செத்திருந்தமையால், மின்வெட்டுக்குப்பின் எல்லாப் பதிவுகளும் 2002 ஜனவரி 1 எனத் தேதியிட்டன. திருடன் வந்திருந்தால் இருபதாண்டுக்கு முன் வந்தவனாகத் தப்பியிருப்பான்.

2025இல் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது. பராமரிப்போரின் சுமை நமக்குப் புரிகிறது. பழைய பெண்டியம் உண்ணும் மின்சாரமும் சிறிதன்று. ஆயினும் ஒவ்வொரு கைவிடலிலும், தம் படத்தைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவர்க்குக் கையிலிருந்த கருவி ஒன்று குறைகிறது.

இப்போது கொல்லையில் அசைவு தெரிந்தால் அம்மாவின் அறைத் திரை ஒளிர்கிறது. அவர் எண் கொடுத்துவைத்த எதிர்வீட்டு அக்காவின் கைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி போகிறது, படம் போவதில்லை. பெரும்பாலும் அணில். அம்மா தலை உலர்த்தும் நேரத்தில் கொல்லைக் கேமராவின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். நாம் தடுப்பதில்லை.