மூளைப் புற்றணுக்களில் சமிக்ஞைப் பாதைத் தடுப்பு: ஒரு வரலாற்று நோக்கு

கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டியின் வளர்ச்சிச் சமிக்ஞையைத் தடுக்கும் முயற்சி எதிர்பார்த்த பயனை ஏன் தரவில்லை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

1962இல் ஸ்டான்லி கோஹன் புறத்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார். அதற்காக 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதனிடையே, அக்காரணியை ஏற்கும் புரதத்திற்குரிய மரபணு மூளைக் கட்டிகள் பலவற்றில் பன்மடங்கு பெருகியிருப்பது 1985இல் கண்டறியப்பட்டது. ஏற்பியை அடைத்தால் வளர்ச்சி நிற்கும் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது.

நுரையீரல் புற்றுநோய்க்கென 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஜெஃபிட்டினிப், 2004இல் பெற்ற எர்லோட்டினிப் ஆகியன மூளைக் கட்டிகளிலும் சோதிக்கப்பட்டன. சிலரிடம் மட்டுமே கட்டி சுருங்கியது. ஏற்பியின் மூன்றாம் மாற்றுருவும் பி.டி.இ.என். புரதமும் ஒருங்கே அமைந்த கட்டிகளே பெரிதும் இசைந்தன என்பதை 2005ஆம் ஆண்டு ஆய்வு காட்டிற்று. பி.டி.இ.என். இழந்த அணுக்களில், ஏற்பி அடைபட்ட பின்னும் அதற்குக் கீழுள்ள பி.ஐ.3-கைனேஸ் பாதை ஓய்வதில்லை. ஓர் அணுவிலேயே பல ஏற்பிகள் இயங்கி ஒன்றன் இழப்பை மற்றொன்று ஈடுசெய்வது 2007இல் புலப்பட்டது.

ஆகவே, இத்தோல்வியை மருந்தின் குறையாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. தனிப் பாதை என்ற தொடக்கக் கருத்தே மறுபரிசீலனைக்கு உரியதாயிற்று. கூட்டுத் தடுப்பு ஆய்வுகள் அதன் விளைவாகும்.