வீட்டுக் காற்றாலை அனுமதி: அபிராமம் வட்டாரம்

வீட்டுக் காற்றாலை என்பது ஒரு குடும்பத்தின் தேவைக்காக மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ கம்பம் நட்டு நிறுவும் சிறு மின்காற்றாடி. சில நூறு வாட் முதல் சில கிலோவாட் வரை திறன் கொண்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில் உள்ள அபிராமம் ஒரு பேரூராட்சி. எனவே கம்பமும் அதைத் தாங்கும் கட்டுமானமும் பேரூராட்சியின் பார்வைக்குள் வரும். செயல் அலுவலரிடம் பட்டா நகல், சொத்துவரி ரசீது, வரைபடம், கட்டடம் சுமையைத் தாங்கும் என்ற பொறியாளர் சான்று ஆகியவற்றோடு மனுக் கொடுத்து எழுத்துப்பூர்வமான பதில் வாங்கிக்கொள்வது நல்லது.

மின் இணைப்பில்தான் உண்மையான முடிச்சு இருக்கிறது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் வெளியிட்ட மின்னுற்பத்தி விதிமுறைகள் சூரிய ஒளித் தகடுகளுக்காக எழுதப்பட்டவை. உபரி மின்சாரத்தைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் நெட் மீட்டர் வசதி அவற்றின்படிதான் கிடைக்கிறது. 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டமும் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் தருவது சூரிய ஒளிக்கு மட்டுமே. 1986-இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் காற்றாலைப் பண்ணை கண்டு, இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் வைத்திருக்கும் மாநிலத்தில் வீட்டுக் காற்றாடிக்கு இந்த நிலை என்பது விந்தைதான். கமுதிப் பக்கம் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்த பிறகு, இவ்வட்டாரத்தில் மாற்று மின்சாரம் என்றாலே தகடுதான் நினைவுக்கு வருகிறது.

மின்வாரியக் கம்பியோடு இணைக்க விரும்புவோர் பகுதி உதவிப் பொறியாளரை முதலில் அணுக வேண்டும். கரண்ட் போனவுடன் இன்வெர்ட்டர் தானாகத் துண்டித்துக்கொள்வது கட்டாயம். இல்லாவிட்டால், கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிருக்கே ஆபத்து.

அண்டை வீட்டாருக்கான பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் உச்சவரம்பு. இங்கிலாந்தில் வீட்டுக் காற்றாடிக்கென்றே தனி விதி உண்டு. தனியாக நிற்கும் காற்றாடி 11.1 மீட்டருக்கு மிகாமல், பக்கத்து வீட்டில் 42 டெசிபலுக்கு மிகாமல், விழுந்தாலும் எல்லை தாண்டாத தொலைவில் இருந்தால், வேறு சில நிபந்தனைகளுக்கும் உட்பட்டு, தனி அனுமதி தேவையில்லை. நம் பேரூராட்சிகளுக்கும் இப்படி ஒரு பக்க அளவிலான விதி போதும்.

கடலோர ஊர்களில் கூடுதல் தடைகள் உண்டு. உயரலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் பொருந்தும். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருப்பதால், மண்டபம் பக்கம் உயரமான கம்பத்துக்குத் தடையின்மைச் சான்றும் தேவைப்படலாம். கடலிலிருந்து தள்ளி உட்பகுதியில் இருக்கும் அபிராமத்துக்கு இவை இரண்டும் இல்லை.

அனுமதிக்கு அலைவதற்கு முன் காற்றை அளக்க வேண்டும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் ஆற்றல் எட்டு மடங்காகும். 2 மீட்டர் விட்டமுள்ள காற்றாடி வினாடிக்கு 3 மீட்டர் காற்றில் சுமார் 15 வாட்தான் தரும். 6 மீட்டரில் 120 வாட் தரும். ஆடியில் வீசுவதை நம்பி ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடக் கூடாது. சுற்றிலும் வீடும் மரமும் இருந்தால் மாடிக் காற்று சுழன்று பயனற்றுப் போகும். வாங்கும் இயந்திரம் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய நிலையில் அபிராமத்தில் சிக்கல் குறைந்த வழி, மின்வாரியக் கம்பியோடு சேராமல் பேட்டரியில் சேமிக்கும் சிறு காற்றாடி. பணம் மிச்சமாக வேண்டும் என்பவருக்குத் தகடே மேல்.